மஞ்சளாக மாறிய ஆறு குழிகள்!

உங்கள் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்கும் எல்.ஐ.சி. பத்திரத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், லேப் ரிசல்ட் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். அதில் ஒரு லேப் பேப்பரை எடுத்துப் பாருங்கள். சளி டெஸ்ட், கல்ச்சர் டெஸ்ட், எலிசா டெஸ்ட் என்று ஏதாவது ஒன்று. கீழே ஓரமாக ஒரு கையெழுத்து இருக்கும். அதற்கு அடியில் 'மைக்ரோபயாலஜிஸ்ட்' என்று அச்சடித்திருப்பார்கள்.

அந்தக் கையெழுத்துக்காரரை நீங்கள் பார்த்ததுண்டா?

அநேகமாக இருக்காது. மருந்து எழுதிய டாக்டரைத் தெரியும். ஊசி குத்திய நர்ஸம்மாவைக்கூட ஞாபகம் இருக்கும். ஆனால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று கண்டுபிடித்துச் சொன்ன அந்த ஆளை யாருக்கும் தெரியாது. திரைக்குப் பின்னால் நின்று நாடகத்தையே நடத்துகிறவர் அவர்!

"சித்த வைத்தியருக்கு லேபைப் பற்றி என்ன பேச்சு?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். எங்கள் வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, தொட்டுப் பார்ப்பது, நாக்கு, நிறம், பேச்சு, கண், மலம், சிறுநீர் என்று எட்டு வழிகளில் நோயை அறிவோம். வாதமா, பித்தமா, கபமா, எது மிஞ்சியது, எது குறைந்தது என்று நாடியில் பிடிபடும். ஆனால் ரத்தத்தில் ஒளிந்திருக்கும் வைரஸ் இன்னது என்று பெயர் சொல்ல நாடியால் ஆகாது. சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கும் நுண்ணுயிரியல் ஒரு பாடம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த எந்த வைத்தியனும் லேபைக் குறைத்துப் பேச மாட்டான்.

அப்படிப்பட்ட லேப் மனிதர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். டாக்டர் சுனிதி சாலமன். இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது என்பதை முதன்முதலில் நிரூபித்த மைக்ரோபயாலஜி பேராசிரியை. நம் மெட்ராஸில் இருந்து!

லேபுக்குள் என்ன நடக்கிறது?

முதலில் இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் மூன்று வருஷம் எம்.டி. மைக்ரோபயாலஜி படிக்க வேண்டும். படித்த பிறகும் கூட்டம் அலைமோதும் கிளினிக் கிடையாது. 'கைராசி டாக்டர்' என்ற பெயரும் வராது. சளி, சீழ், சிறுநீர், ரத்தம்... இவற்றோடுதான் வாழ்க்கை.

நீங்கள் வீட்டில் ஜெல்லி செய்ய வாங்குகிற கடல்பாசி இருக்கிறதே, சைனா கிராஸ் என்று கடையில் கேட்பீர்களே, அதே பொருளில் சத்துச் சேர்த்துத் தட்டில் ஊற்றி உறைய வைப்பார்கள். அதன்மேல் உங்கள் சளியையோ சிறுநீரையோ ஒரு கம்பி வளையத்தால் இழுத்துத் தடவுவார்கள். பிறகு 37 டிகிரி சூட்டில், அதாவது நம் உடம்புச் சூட்டில், ராத்திரி முழுக்க வைப்பார்கள். இட்லி மாவு புளிக்க ஒரு ராத்திரி வேண்டும் அல்லவா? கிருமி வளரவும் அப்படித்தான். மறுநாள் காலையில் தட்டில் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கிருமிக் கூட்டம் தெரியும். அது எந்த வகை, எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும் என்று பார்க்க இன்னும் ஒரு நாள் ஆகும். "கல்ச்சர் ரிசல்ட்டுக்கு ஏன் ரெண்டு மூணு நாள் இழுக்கறாங்க?" என்று சலித்துக்கொள்கிறோமே, காரணம் இதுதான். கிருமியை அவசரப்படுத்த யாராலும் முடியாது.

லேபின் தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சந்தேகப்படுவது! ஒவ்வொரு டெஸ்ட்டோடும், நோய் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியையும், இல்லை என்று தெரிந்த ஒரு மாதிரியையும் சேர்த்தே சோதிப்பார்கள். அந்த இரண்டும் சரியாக வந்தால்தான் உங்கள் ரிசல்ட்டை நம்புவார்கள். இல்லையென்றால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒரு தப்பான கையெழுத்து ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தடுப்பூசி போட வந்தவரைப் பார்த்து...

சுனிதி பிறந்தது மெட்ராஸில், 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி. தோல் வியாபாரம் செய்த மராத்திக் குடும்பம். கெய்டொண்டே என்பது குடும்பப் பெயர். எட்டுக் குழந்தைகளில் ஒரே பெண். வருஷா வருஷம் தடுப்பூசி போட வீட்டுக்கு ஹெல்த் ஆபீஸர் வருவாராம். அவரைப் பார்த்துத்தான் வைத்தியத்தின் மேல் தனக்கு ஆசை வந்தது என்று பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். அங்கேயே சீனியராக இருந்த விக்டர் சாலமனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று வெளிநாடுகளில் பயிற்சி எடுத்தார்கள். 1973-ல் ஊர் திரும்பினார்கள். நம் நாட்டில்தான் வேலை செய்ய வேண்டும் என்பது கணவரின் விருப்பம். திரும்பி வந்த சுனிதி மைக்ரோபயாலஜியில் மேல்படிப்பு முடித்து, படித்த கல்லூரியிலேயே ஆசிரியையாகச் சேர்ந்து, பேராசிரியையாக உயர்ந்தார்.

இப்படியே ரிட்டயர் ஆகியிருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அவர் ஒரு கேள்வி கேட்டார். அங்கேதான் எல்லாம் மாறியது.

"நம்ம ஊருக்கு வராது!"

1981 ஜூன் மாதம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியா பற்றிய செய்தி வெளியானது. எய்ட்ஸ் பற்றி உலகம் படித்த முதல் அறிக்கை அதுதான். 1983-ல் பாரிஸில் உள்ள பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் அதற்கான வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1985-ல் ரத்தத்தில் அதைக் கண்டறியும் எலிசா டெஸ்ட் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது.

அப்போது நம் நாட்டில் என்ன பேச்சு தெரியுமா? "அது வெள்ளைக்காரன் வியாதி. நம்ம கலாசாரத்துக்கு அதெல்லாம் வராது!" மும்பையில் சோதித்த மாதிரிகளிலும் எதுவும் அகப்படவில்லை. 'பார்த்தீர்களா, நாங்கள்தான் சொன்னோமே!' என்று நிம்மதியாக இருந்தார்கள்.

சுனிதிக்கு மட்டும் நிம்மதி இல்லை. வைரஸுக்குப் பாஸ்போர்ட் தேவையா? விசா தேவையா? தேடாமலே 'இல்லை' என்று எப்படிச் சொல்வது? 1985 கடைசியில், ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த தன் மாணவியிடம் இந்தத் தேடலைக் கொடுத்தார்.

அந்த மாணவி செல்லப்பன் நிர்மலா. அப்போது வயது 32. சின்ன ஊரில், கட்டுப்பெட்டியான குடும்பத்தில் வளர்ந்தவர். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் போய்ப் பேசி, ரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் முதலில் தயங்கினார். தைரியம் சொன்னவர் கணவர் ராமமூர்த்தி. தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஜெனரல் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, தன் வேலைக்குப் போவாராம்.

அங்கே பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்த பெண்களோடு பழகினார் நிர்மலா. பிறகு, போலீஸ் பிடித்து ஜாமீன் கட்ட வழியில்லாத பெண்களை வைத்திருந்த விஜிலன்ஸ் ஹோமுக்குப் போனார். மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தம் சேர்ந்தது. கையுறைகூட இல்லாத காலம். சிறிய இடத்தில் ஒரு லேபைத் தாங்களாகவே அமைத்து, ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்தார்கள். வைக்க வேறு இடம் இல்லை. எங்கே வைத்தார்கள் தெரியுமா? நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில்!

வேலூரில் ஒரு பகல்

மெட்ராஸில் அப்போது எலிசா வசதி கிடையாது. சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்தது. அங்கே வைராலஜி துறையின் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான். சுனிதி அவரிடம் பேசி ஏற்பாடு செய்தார்.

1986 பிப்ரவரி. ஐஸ் பெட்டியில் மாதிரிகளை அடுக்கிக்கொண்டு, நிர்மலாவும் கணவரும் ராத்திரி ரயிலில் காட்பாடி போய் இறங்கினார்கள். அங்கிருந்து ஆட்டோ. காலை எட்டரைக்கு டெஸ்ட் ஆரம்பமானது. கூட வேலை செய்தவர்கள் டாக்டர் ஜார்ஜ் பாபு, டாக்டர் எரிக் சிமோஸ்.

எலிசா தட்டு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நம் வீட்டுப் பணியாரக் கல்லைக் கையளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி. எட்டுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 96 குட்டிக் குழிகள். குழியின் அடியில் வைரஸின் புரதத்தைப் பூசியிருப்பார்கள். அதில் சீரத்தை விடுவார்கள். வைரஸை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள் சீரத்தில் இருந்தால் அது புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். கடைசியில் நிறம் தரும் திரவத்தை விட்டால், ஒட்டிக்கொண்ட குழி மட்டும் நிறம் மாறும்.

நடுப்பகலில் கரன்ட் போய்விட்டது. சரி என்று டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தால்... ஆறு குழிகள் மஞ்சள்!

ஜார்ஜ் பாபு சட்டென்று மூடியை மூடிவிட்டாராம். ஆனால் நிர்மலா பார்த்துவிட்டார். சற்று நேரத்தில் எரிக் சிமோஸும் வந்து பார்த்தார். செய்தி ஜேக்கப் ஜானிடம் போனது. ரத்தம் எங்கே எடுத்தது, யாருடையது என்று கேள்வி மேல் கேள்வி. விஷயம் வெளியே போகக்கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் நிர்மலாவையும் கணவரையும் ஊருக்கு அனுப்பினார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாடே 'இல்லை' என்று சொல்கிற ஒன்று, கையில் 'இருக்கிறது' என்று வந்து நிற்கிறது. அன்று சாயந்திரமே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருந்தால் ஒரே நாளில் புகழ் வந்திருக்கும். அவர்கள் கூப்பிடவில்லை. அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி போய், புதிதாக ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை அந்த மாதிரிகளோடு சிமோஸ் அமெரிக்காவுக்கே விமானம் ஏறினார். அங்கே வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னும் நுட்பமான டெஸ்ட் செய்தார்கள். வைரஸின் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்து, எதிர்ப்புப் பொருள் எதெதில் ஒட்டுகிறது என்று பார்க்கிற முறை அது. முடிவு உறுதியானது.

அதற்குப் பிறகுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தகவல் போனது. பிரதமர் ராஜீவ் காந்திக்கும், தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டேவுக்கும் தெரிவிக்கப்பட்டது. மே மாதம் சட்டசபையில் அமைச்சர் அறிவித்தபோது, சுனிதியும் நிர்மலாவும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பாராட்டு குவிந்ததா? இல்லை. டெஸ்ட்டே தப்பு என்றார்கள் சிலர். வடக்கத்திக்காரி ஒருத்தி நம்மைக் கேவலப்படுத்துகிறாள் என்று ஆத்திரப்பட்டார்கள் சிலர். கெட்ட செய்தி கொண்டுவருகிறவரைத் திட்டுவது உலக வழக்கம்தானே! ஆனால் இரண்டு முறை, இரண்டு விதமாக, இரண்டு நாடுகளில் பார்த்து உறுதி செய்த முடிவை யாராலும் அசைக்க முடியவில்லை.

நிர்மலா 1987-ல் ஆராய்ச்சிக் கட்டுரையைச் சமர்ப்பித்தார். பிறகு கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி நாட்டில் பலருக்குத் தெரிய வந்ததே பல வருஷங்களுக்குப் பிறகுதான்.

லேபை விட்டு வெளியே வந்தவர்

சுனிதிக்கு அதற்குப் பிறகு லேபுக்குள் மட்டும் இருக்க முடியவில்லை. ரிசல்ட் பேப்பருக்குப் பின்னால் ஒரு மனுஷன் இருக்கிறான் அல்லவா? அவனைத் தொட டாக்டர்களே பயந்த காலம். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்பார்கள். வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பார்கள். இப்படிப்பட்ட நோயாளிகளோடு மனைவி வேலை செய்வதில் விக்டருக்கே ஆரம்பத்தில் சம்மதம் இல்லை. "அவர்கள் கதையைக் கேட்டால் நீங்கள் இப்படிப் பேச மாட்டீர்கள்" என்ற அர்த்தத்தில் கணவருக்குப் பதில் சொன்னாராம் சுனிதி.

1993-ல் அரசு வேலையை விட்டுவிட்டு, தன் அப்பாவின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். ரத்தப் பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை எல்லாம் ஒரே கூரையின் கீழ். இன்னொன்றும் செய்தார். எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரன் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார்! ஜாதகக் கட்டுக்குப் பதிலாக ரத்த ரிசல்ட்டைப் பொருத்திப் பார்த்த கல்யாணத் தரகர் என்றே சொல்லலாம். 'இனி நமக்கு வாழ்க்கை இல்லை' என்று நினைத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

2015 ஜூலை 28-ஆம் தேதி சென்னையில் காலமானார். 2017-ல் மத்திய அரசு அவருக்கு மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ அளித்தது.

நம்ம கொங்கு நாட்டுக்கு வருவோம்

"இதெல்லாம் மெட்ராஸ் கதை. நமக்கென்னங்க?" என்கிறீர்களா?

நாமக்கல் லாரிகள் போகாத மாநிலம் உண்டா? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போடாத ஊர் உண்டா? மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே இருக்கிற பிழைப்பு அது. அந்தப் பிழைப்போடு நோயும் ஊருக்கு வந்தது. தொண்ணூறுகளின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும், தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. அதிகமாகக் காணப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல் இருந்தது. கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான் பல வீடுகளில் உண்மை தெரிந்தது. வீட்டுப் படி தாண்டாத பெண்கள் அவர்கள்.

அதே நாமக்கல்தான் பிறகு நாட்டுக்கு வழிகாட்டியது. பாதிக்கப்பட்டவர்களே ஒன்று சேர்ந்து சங்கம் வைத்தார்கள். பரிசோதனை மையங்கள் வந்தன. லாரிப் பேட்டைகளில் விழிப்புணர்வுப் பிரசாரம் நடந்தது. மறைத்து வைத்த ஊரில் நோய் வளர்ந்தது. பேசத் தொடங்கிய ஊரில் அடங்கியது. சுனிதி 1985-ல் கேட்ட கேள்விக்கு இதைவிட வேறு அர்த்தம் இல்லை.

ஒரு சித்த வைத்தியனாகச் சொல்கிறேன்

என் வைத்தியசாலைக்கும் இப்படிப்பட்டவர்கள் வருவார்கள். மற்றவர்கள் எல்லாம் போகும்வரை காத்திருப்பார்கள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து நாலாக மடித்த பேப்பர் வெளியே வரும்.

"ஏனுங்க ஐயா, இதுக்கு நம்ம நாட்டு மருந்துல ஏதாச்சும் இருக்குதுங்களா? ஒருத்தர் ஆறே மாசத்துல சுத்தமாப் போயிரும்னு சொல்றாருங்க. அம்பதாயிரம் கேக்கறாரு..."

"அம்மிணி, அந்தக் காசைப் பத்திரமா வெச்சுக்கோ. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்பதுதான் என் பதில்.

ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன். எச்.ஐ.வி.யை உடம்பிலிருந்து அடியோடு நீக்கும் மருந்து சித்த வைத்தியத்தில் இல்லை. 'மூலிகையால் எய்ட்ஸ் குணமாகும்' என்று விளம்பரம் செய்கிறவர் எங்கள் சித்தர்களின் பெயரைக் கெடுக்கிறார். தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையில் தொண்ணூறுகளில், கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்காத நாளில், சித்த மருந்துகளும் கொடுத்துப் பார்த்தார்கள். பசி எடுக்கவும் உடம்பு தேறவும் எங்கள் மருந்துகள் துணையாக இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் வைரஸை அடக்கி வைக்கும் என்று நிரூபணம் ஆனது ஏ.ஆர்.டி. என்கிற கூட்டு மருந்துதான். 2004 முதல் அது அரசு மையங்களில் இலவசம். இப்போது பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. தவறாமல் சாப்பிட்டால் சர்க்கரை, பிரஷர் மாதிரி இதையும் வைத்துக்கொண்டு நெடுநாள் வாழலாம்.

சித்த மருந்தோ, கஷாயமோ கூடவே சாப்பிடுகிறவர்கள் அதை ஏ.ஆர்.டி. டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒன்றோடொன்று சேராமல் போனால் வம்பு. எந்த வைத்தியர் சொன்னாலும், நானே சொன்னாலும், கூட்டு மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

எங்கே சோதிப்பது? அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. பரிசோதனை இலவசம். முன்னும் பின்னும் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். 1097 என்ற எண்ணில் இலவசமாகப் போன் செய்தும் கேட்கலாம்.

ஒரே டெஸ்ட்டில் முடிவா? முதல் டெஸ்ட்டில் 'இருக்கலாம்' என்று வந்தால் பதற வேண்டாம். வேறு வேறு முறையிலான கிட்டுகளில் மறுபடி பார்த்து, மூன்றிலும் ஒரே மாதிரி வந்தால்தான் 'உண்டு' என்று சொல்வார்கள். அன்று வேலூரிலிருந்து அமெரிக்கா வரை போய் உறுதி செய்தார்களே, அதே தர்மம்தான் இன்று ஒவ்வொரு நம்பிக்கை மையத்திலும் நடக்கிறது.

'இல்லை' என்று வந்தால்? சந்தேகப்படும் சம்பவம் நடந்து சில நாள்தான் ஆகியிருந்தால் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரிய சில வாரங்கள் பிடிக்கும். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள்: சிகிச்சை இல்லையென்றால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்ற 100-க்கு 15 முதல் 45 வரை வாய்ப்பு உண்டு. முறையான சிகிச்சை எடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே மாசமான உடனே டெஸ்ட் எடுப்பதில் கூச்சம் வேண்டாம். 'எங்க மருமக அப்படிப்பட்டவ இல்லீங்க' என்று மாமியார்கள் குறுக்கே நிற்காதீர்கள். டெஸ்ட் யாருடைய ஒழுக்கத்துக்கும் மார்க் போடுவதில்லை. ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

கணவன் மனைவி: விடாமல் மருந்து சாப்பிட்டு, வைரஸ் அளவு டெஸ்ட்டில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்து நிலைத்துவிட்டால், உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. அந்த நிலை வந்துவிட்டதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாமாக முடிவு கட்டக்கூடாது.

சட்டம்: 2017-ல் இயற்றப்பட்டு 2018-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் இந்த டெஸ்ட் செய்யக்கூடாது. ரிசல்ட்டை வெளியில் சொல்லக்கூடாது. இதைக் காரணம் காட்டி வேலை, படிப்பு, வைத்தியம் மறுக்கக்கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் டெஸ்ட் வேண்டும் என்று நினைக்கிற பெரியவர்களே, பையனும் பெண்ணும் தாங்களாகச் சம்மதித்து எடுத்தால் நல்லதுதான். தெரியாமல் ரத்தம் எடுப்பது சட்டத்துக்கும் விரோதம், மனசாட்சிக்கும் விரோதம்.

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, தொட்டுப் பேசுவதாலோ, கொசுக்கடியாலோ இது பரவாது. இத்தனை வருஷம் கழித்தும் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள்!

கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் பெண்ணோ, பையனோ மருத்துவம் படித்துவிட்டு, "மைக்ரோபயாலஜி எடுக்கப் போறேன்" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். "கிளினிக் வைக்க முடியாதே, நாலு காசு பார்க்க முடியாதே" என்று தடுக்காதீர்கள். கொரோனா வந்தபோது 2020-ல் நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு யாருடைய ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தோம்? இவர்களுடைய ரிசல்ட்டுக்காகத்தானே! எல்லோரும் 'இல்லை' என்று சொல்லும்போது 'தேடிப் பார்க்கலாமே' என்று சொல்ல ஒருவர், 'இருக்கிறது' என்று தெரிந்த பிறகும் நிதானம் இழக்காமல் மறுபடி சோதிக்க ஒருவர் எந்த ஊருக்கும் தேவை.

உங்களுக்கு மனதில் சந்தேகம் ஏதாவது இருந்தால், இந்த வாரமே நம்பிக்கை மையத்துக்குப் போய்விட்டு வாருங்கள். ரகசியம் ரகசியமாகவே இருக்கும். தெரியாமல் தவிப்பதைவிடத் தெரிந்துகொண்டு மருந்து சாப்பிடுவது எவ்வளவோ மேல்.